குடிபுகுந்த பெயர்

“தந்தையின் பெயர்?”

சொன்னான்.

“தொழில்?”

சொல்லவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. கால் பெருவிரல் தரையிலே கோடு கிழித்துக்கொண்டிருந்தது.

“தொழில் என்னப்பா?” என்று மறுமுறை கேட்டேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து விடை பறந்து வந்தது. அவன் வாயிலிருந்து அல்ல. அவனுடைய அண்டை வீட்டுப் பையன் வாயிலிருந்து!

“குடிகாரன், சார்!”

வகுப்பு சிரித்தது. நாற்பது வாய்கள் சிரித்தன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தோழர்களே, மறைத்துப் பயனில்லை! நாற்பத்தோராவது வாய் ஒன்றும் சிரித்தது. அது என் வாய்.

ஒரு நொடிதான், உதட்டோரச் சிரிப்புத்தான். ஆயினும் பையன் அதைக் கண்டுகொண்டான். மாணவர் சிரித்தபோது கவிழ்ந்திருந்த தலை, ஆசிரியன் சிரித்தபோது நிமிர்ந்தது. பார்த்தான். சினந்து பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன், அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். ‘நீங்களும் இப்படித்தான் என்று எனக்கு முன்பே தெரியும்’ என்பதுபோலப் பார்த்தான். பதினான்கு வயதுக் கண்களிலே அறுபது வயதுச் சலிப்பு!

பதிவேட்டில் அந்தக் கட்டத்தை வெற்றிடமாக விட்டுவிட்டு அடுத்தவனை அழைத்தேன். அன்றிரவு அந்த வெற்றிடம் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனெனில், நானும் ஒரு நாள் அந்த வெற்றிடத்தில் நின்றவன்.

* * *

வண்டி வைத்திருப்பவன் வண்டிக்காரன். கடை வைத்திருப்பவன் கடைக்காரன். தோட்டம் உடையவன் தோட்டக்காரன். ‘காரன்’ என்ற ஈறு, ஒருவன் உடைமையையோ தொழிலையோ சுட்டுவது. குடிகாரன் எதை உடையவன்? அவன் குடியை உடையவனா, குடி அவனை உடையதா?

காய்ச்சல் கண்டவனை நாம் காய்ச்சல்காரன் என்று அழைப்பதில்லை. காய்ச்சல் வரும், போகும். ஆள் அப்படியே இருப்பான். குடி மட்டும் வந்ததும், ஆளை வெளியே தள்ளிவிட்டு அவன் பெயருக்குள்ளே குடிபுகுந்துவிடுகிறது! அதன் பிறகு அவன் எவர்க்கும் அண்ணன் அல்லன், மாமன் அல்லன், தொழில் தெரிந்தவன் அல்லன். குடிகாரன், அவ்வளவே. அவன் மனைவி குடிகாரன் பெண்டாட்டி. அவன் மகன் குடிகாரன் மகன்.

பிறப்பைக் கொண்டு பெயர் சூட்டி, பெயரைக் கொண்டு இடம் ஒதுக்கி, ஒதுக்கிய இடத்திலேயே மனிதனைப் புதைத்து வைத்த நாடு இது. அந்த முத்திரையைப் பொய்யென்று முழங்கினோம். பிறப்பால் எவனும் தாழ்ந்தவனல்லன் என்றோம். நன்று! ஆனால் அதே நாம், தெருமுனையிலே தள்ளாடுகிறவனைக் கண்டதும் என்ன செய்கிறோம்? வேறொரு முத்திரையை எடுத்துக் குத்துகிறோம். அதை அவன் பிள்ளைக்கும் வழிவழிச் சொத்தாக எழுதி வைக்கிறோம். பழைய பட்டயம் கிழிந்தது. புதிய பட்டயம் எழுதுவது யார் கை? நம் கை!

* * *

என் தந்தை நெசவாளர். சேலத்து வெண்பட்டு வேட்டி நெய்தவர். குழித்தறியிலே அவர் கால் மிதிக்க, நாடா பறக்க, பாவும் ஊடையும் கூடும் ஓசையே எனக்குத் தாலாட்டு. கரை பிடிப்பதில் அவருக்கு நிகர் அந்தத் தெருவில் இல்லை என்பார்கள். ‘என்பார்கள்’ என்றா சொன்னேன்? தவறு; ‘என்றார்கள்’. நான் ஐந்தாம் வகுப்பை எட்டுவதற்குள் அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. விசைத்தறி வந்தது, கூலி குறைந்தது, கடன் மிகுந்தது, குடி நுழைந்தது. நெசவாளி மறைந்தார், குடிகாரன் நின்றார்.

அவரை நான் தூயவராக்கப் புறப்படவில்லை. என் தாயின் நெற்றியிலே ஒரு தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்கு மன்னிப்பு வழங்க எனக்கு உரிமை இல்லை.

கல்லூரிக்குச் சென்றேன். கலைப் பிரிவு, வரலாறு. அங்கே எவருக்கும் என் தெரு தெரியாது. தந்தை எங்கே என்று கேட்டால், ‘வெளியூரில் வேலை’ என்பேன். ஒரு நாள் மாலை, விடுதி வாயிலில் அவர் நின்றார். கையிலே தாளில் சுற்றிய பொட்டலம். அடுத்த வாரம் கல்லூரி விழா. அதற்கு மகன் கட்டிக்கொள்ளத் தம் கையாலே நெய்த வேட்டி. அன்று அவர் குடித்திருக்கவில்லை. தலை வாரி, சட்டை மாற்றி, ஏழெட்டுக் கல் தொலைவு பேருந்தில் வந்திருந்தார்.

“யாரடா இவர்?” என்று நண்பர்கள் கேட்டார்கள்.

“எங்கள் ஊர்க்காரர்” என்றேன்.

கேட்டுக்கொண்டுதான் நின்றார். முகம் மாறவில்லை. “ஆமாங்க தம்பி, ஊர்க்காரந்தான். இவங்க வீட்டுல குடுத்துவிட்டாங்க” என்று சொல்லிப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றிரவு அவர் குடித்தார் என்று அம்மா பிறகு சொன்னார்கள். இரண்டாண்டு கழித்து, கல்லீரல் கெட்டு இறந்தார்.

தெரு அவருடைய தொழிலின் பெயரைப் பறித்தது. எஞ்சியிருந்தது ஒரே பெயர், ‘அப்பா’. அதையும் நான் பறித்தேன். பிறகு அவர் எந்தப் பெயரோடு வீடு திரும்புவார்? தெரு வைத்த பெயரோடுதானே!

* * *

அதே கல்லூரி நாட்களில் என் விரலிடுக்கிலே சிகரெட் புகைந்தது. வியப்பாக இல்லையா? குடிகாரன் மகன் என்ற பெயருக்கு அஞ்சி ஓடியவன், இன்னொரு போதையின் மடியிலே போய் விழுந்தேன். புகையின் சுவைக்காகவா? முதல் இழுப்பிலே இருமித் துப்பினேன்! அது எனக்குத் தந்தது சுவையல்ல, தோற்றம். ‘எவனோ’ ஆக இருந்தவன், வாயில் சிகரெட் வைத்ததும் ‘ஆள்’ ஆனதாக எண்ணிக்கொண்டேன்.

இந்த எண்ணம் என் மூளையிலே தானாக முளைத்ததன்று, விதைத்தவர்கள் இருந்தார்கள். 1929ல் நியூயார்க் நகரின் ஈஸ்டர் ஊர்வலத்திலே, எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர வல்லுநர், புகையிலை நிறுவனம் ஒன்றுக்காக, பெண்களைச் சிகரெட் புகைத்தபடி நடக்கச் செய்தார். அந்தச் சிகரெட்டுகளுக்கு அவர் தந்த பெயர் ‘விடுதலைத் தீவட்டிகள்’! மார்ல்பரோ என்ற சிகரெட் 1924ல் பெண்களுக்கேற்ற மென்மையான சிகரெட் என்று விற்கப்பட்டது. 1950களின் நடுவிலே அதே பெயருக்குத் தொப்பி அணிந்த, மாடு மேய்க்கும் குதிரைவீரன் வந்து சேர்ந்தான். அது முரட்டு ஆண்மையின் அடையாளமாயிற்று. பெண்ணுக்கு உரிமை என்றும் ஆணுக்கு வீரம் என்றும் விற்கப்பட்டது ஒரே புகையிலை! அந்த விளம்பரங்களில் ஆண்மையின் உருவாகத் தோன்றிய டேவிட் மெக்லீன் என்ற நடிகர், 1995ல் நுரையீரல் புற்றுநோயால் மாண்டார்.

‘நான் யார்?’ என்ற கேள்விக்கு விடை தெரியாத இளைஞனிடம், விடையைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். நானும் வாங்கினேன். எப்போது விட்டேன்? ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் வாரம், சிறுவன் ஒருவன் தெருவிலே என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தி “வணக்கம் சார்” என்றான். என் கை, சட்டைப் பையிலிருந்த பெட்டியை மறைத்தது. எனக்கு வேறொரு ‘நான்’ கிடைத்துவிட்டது. அந்த ‘நான்’ கேட்டதால்தான் விட முற்பட்டேன். எளிதாக அல்ல, ஆறு திங்கள் திண்டாடினேன்.

* * *

எனக்கு நேர்ந்தது தனி ஒருவன் கதை. ஒரு கூட்டமே இவ்வாறு விழித்த வரலாறும் உண்டு.

மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறிச் சென்ற நம் மக்களை எண்ணிப் பாருங்கள். கூலி என்பது தமிழிலே உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தின் பெயர். தோட்டத்திலே அது ஆளின் பெயராயிற்று! பெயரில்லை, ஊரில்லை; கூலி. அந்தக் கூலிக்கு ஆறுதலாகத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. பகலெல்லாம் பால்மரம் வெட்டிப் பெற்ற காசு, மாலையிலே கள்ளாகிக் கரைந்தது. ‘தமிழன் குடிகாரன், அது அவன் இயல்பு’ என்று துரைமார் பேசிச் சிரித்தனர்.

இயல்பா? 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் படியுங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம் வேண்டும்; பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும்; பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும்; துரை எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். இவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும்!

யார் கேட்டது? எவனைக் குடிகாரன் என்றார்களோ அவனே கேட்டான். எப்போது கேட்டான்? சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்ற தன்மானம் பிறந்தபோது கேட்டான். அந்த இரண்டு கோரிக்கைகளும் ஒரே தாளில், ஒரே மூச்சில் பிறந்தவை. மனிதனாக நிமிர்ந்தவனுக்குக் கள் தேவைப்படவில்லை. அந்தப் போராட்டத்தை ஆட்சியாளர் படையைக் கொண்டு அடக்கினர், உயிர்கள் பலியாயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும் 1946, 1947 ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களிலே தொண்டர் படை இளைஞர் மீண்டும் கள்ளுக்கடை முன் மறியலுக்கு நின்றனர்.

* * *

கடல் கடந்து போக வேண்டாம். நம் தெருவிலேயே காட்டுகிறேன். பகுத்தறிவாளர் சற்றே பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

கார்த்திகை பிறந்ததும், நம் ஊர்க் குடிகாரர் சிலர் மாலை அணிகிறார்கள். ஒரு மண்டலம் சொட்டுத் தொடுவதில்லை. மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடையில் நிற்கிறார்கள். பக்தர், ‘தெய்வத்தின் ஆற்றல் பாரீர்’ என்கிறார். நம் தோழர், ‘வெறும் வேடம்’ என்று நகைக்கிறார். இருவரும் நடுவில் நடந்ததைக் கவனிக்கவில்லை.

என்ன நடந்தது? மாலை போட்ட மறுகணமே தெரு அவனைச் ‘சாமி’ என்று அழைக்கத் தொடங்கியது. மனைவி ‘சாமி’ என்றாள். மகன் ‘சாமி’ என்றான். நேற்றுவரை ‘வாடா, ஒரு கட்டிங் போடலாம்’ என்றவன்கூட, ‘சாமி’ என்று ஒதுங்கி வழிவிட்டான். குடிகாரன் என்று ஒருவரும் அழைக்கவில்லை. குடி என்று ஒருவரும் நீட்டவில்லை. விடியற்காலை எழுந்தான், குளித்தான், பிறர் மதிக்க நடந்தான். அவனைத் தாங்கியது கழுத்து மணி அன்று, ஊரார் வாய்ச்சொல்! மாலை கழன்றது, ஊர் தன் மதிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டது, பழைய பெயரைக் கையில் கொடுத்தது. அவனும் பழைய இடத்துக்கே போனான்.

கடவுள் பெயரால் ஒரு மண்டலம் இரவல் தர முடிந்த மதிப்பை, மனிதன் பெயரால் ஆண்டு முழுதும் தர முடியாதா? இதுதான் பகுத்தறிவாளர் கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. வியட்நாமில் போரிட்டு 1971ல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஹெராயின் முதலிய அபினிவகைப் போதைக்கு அடிமையாகியிருந்தனர். அவர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே அடிமையாக இருந்தவருள், முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவர் அளவே! சாவை எதிர்நோக்கிப் பாசறையில் கிடந்தவன், ஊர் திரும்பி மகனாக, கணவனாக, தொழிலாளியாக ஆனான். பலரிடம் போதையின் பிடி தளர்ந்தது. ‘ஒருமுறை அடிமையானவன் என்றும் அடிமை’ என்பது தலையெழுத்துக் கொள்கையின் தம்பி. தலையெழுத்தை நம்பாத நாம் இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

* * *

மறுநாள் பதிவேட்டில் வெற்றிடத்தை நிரப்பப் பையனைத் தனியே அழைத்தேன். “உன் தந்தைக்கு என்ன வேலை தெரியும்?” என்று கேட்டேன். நெடுநேரம் எண்ணிப் பார்த்து, “முன்னே கொத்தனார் வேலைக்குப் போவாரு சார்” என்றான். எழுதினேன்: கொத்தனார். அவர் குடியை விட்ட பின்னர் எழுதவில்லை, தோழர்களே! விடுவதற்கு முன்பே எழுதினேன். பெயர், திருந்தியவனுக்குக் கொடுக்கும் பரிசன்று.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஊருக்கெல்லாம் சுவர் பூசியவர் வீட்டுச் சுவர் பூச்சின்றிக் கிடந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“கொத்தனாரே!” என்றேன்.

யாரையோ அழைக்கிறேன் என்று எண்ணித் தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்!

பள்ளியின் சுற்றுச்சுவர் ஓரிடத்தில் பிளந்திருக்கிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டேன். முதலில் தயங்கினார், பிறகு பேசினார். களிமண் நிலத்தில் கடைக்கால் போதிய ஆழம் இல்லாவிட்டால் மழைக்கும் கோடைக்கும் மண் உப்பிச் சுருங்குவதைச் சொன்னார். கலவையில் மணல் மிகுவதைச் சொன்னார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடிக்காமல் கட்டுகிற அவசரக்காரரைத் திட்டினார். அரைமணி நேரம் அவர் குடிகாரர் அல்லர். மகன் கதவோரம் நின்று வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் கையை நீட்டிக் காட்டினார். நடுங்கியது. “காலையில இப்படித்தான் வாத்தியாரே. கரண்டி நிக்காது. ஒரு குவார்ட்டர் உள்ளே போனா நடுக்கம் நிக்கும். கரண்டி பிடிக்கத்தான் குடிச்சேன். குடிச்சுக் குடிச்சுக் கரண்டியே போயிடுச்சு.”

பெயர் சொல்லி அழைத்தால் மட்டும் தீர்ந்துவிடும் என்று நான் பிதற்றவில்லை. உடல் அடிமைப்பட்டபின், அது மருத்துவரின் வேலை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால், வலிப்பு வரலாம், அறிவு கலங்கலாம், உயிருக்கே தீங்கு நேரலாம். அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றோம். பின்னர், குடியை விட்டோர் ஒன்றுகூடும் கூட்டத்துக்கும் போனார். 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இருவர் தொடங்கிய முறை அது. அங்கே எழுந்து, “நான் ஒரு குடிநோயாளி” என்று தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொண்டாராம். நான் திடுக்கிட்டேன், மறுபடியும் ஒரு முத்திரையா? அவர் சிரித்தார்: “நீங்க சொன்னா அது கல்லு, வாத்தியாரே. நானே எடுத்துச் சொன்னா அது கைத்தடி.” வரலாறு படித்த எனக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லித் தந்தவர், பள்ளி வாசல் மிதிக்காத கொத்தனார்!

இரண்டு திங்கள் கடந்தன. ஒரு துக்க வீட்டிலே, ‘இன்னிக்கு ஒரு நாள்தானே’ என்று ஒருவர் நீட்ட, மீண்டும் குடித்தார். ‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா?’ என்று தெரு மகிழ்ந்தது. ஆம், மகிழ்ந்தது! நான்காம் நாள், எவரும் அழைக்காமல், அவரே மருத்துவமனைக்குப் பேருந்தேறினார். இதை எழுதும்போது மேலும் நான்கு திங்கள் ஆகின்றன. நாளை என்ன என்று உறுதி கூற நான் சோதிடனல்லன். வேலைக்குப் போகிறார். பையன் இப்போது தலை நிமிர்ந்து விடை சொல்கிறான்.

* * *

1937 அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். 1948ல் மாகாணம் முழுதும் பரவியது; 1971ல் தள்ளிவைக்கப்பட்டது; 1974ல் மீண்டும் வந்தது; பிறகும் மாறியது. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசின் வாணிபக் கழகமே நடத்துகிறது. கதவு திறந்தது, மூடியது, திறந்தது. அந்த வழக்காடு மன்றத்துக்கு நான் இன்று வரவில்லை. கடை இருந்த காலத்திலும் இல்லாத காலத்திலும் மூடப்படாமலே இருந்த கதவு ஒன்று உண்டு. அது நம் வாய்!

திருமணமென்றால் குடி, தேர்ச்சி பெற்றால் குடி, பிணம் விழுந்தால் குடி; குடிக்காதவன் ஆணா என்று கேலி. இது நம் வாய்தான். அப்படிக் குடித்துப் பழகியவன் விழுந்ததும், குடிகாரன் என்று பழிப்பதும் இதே வாய்தான். ஏற்றி விடும்போது ஆண்மகன். இறங்க முடியாதபோது குடிகாரன்! தோழர்களே, கிண்ணத்தை நீட்டுகிற கையை மடக்குங்கள். முத்திரை குத்துகிற வாயை மூடுங்கள். அவன் அடித்தால் தடுங்கள்; அவன் மனைவிக்குத் துணை நில்லுங்கள்; மருத்துவமனைக்கு வழி காட்டுங்கள். ஆனால் அவனை அவன் பெயரால் அழையுங்கள். அவன் கைத்தொழிலால் அழையுங்கள்.

அந்த வெண்பட்டு வேட்டி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கரை மங்கவில்லை. ‘ஊர்க்காரர்’ என்று சொன்ன இதே வாயால் இன்று சொல்கிறேன்: அதை நெய்தவர் சேலத்து நெசவாளி, என் தந்தை.

அவர் கேட்கமாட்டார். ஆனால் உங்கள் தெருவிலே, இன்னும் கேட்கக்கூடிய ஒருவர் இருப்பார். இன்று மாலையே போய் அழையுங்கள்.